சனி பிடித்த செல் நம்பர்

கேள்வி: என் மொபைல் எண்ணின் கூட்டுத்தொகை 8. அது சனியின் எண், உடனே மாற்றுங்கள் என்கிறார் தி.நகர் நியூமராலஜி நிபுணர் ஒருவர். ராசியான எண்ணாகப் பார்த்துக் கொடுக்க 5,000 ரூபாய் கேட்கிறார். எண்களுக்குச் சக்தி உண்டு என்பதற்கு ராமானுஜனின் 1729-ஏ சாட்சியாம். மாற்றிவிடலாமா?
- வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: பணத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் எண்ணையும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அதை அச்சிடவில்லை, நிபுணர் கையில் சிக்கியதே போதும்.

அந்த எண்ணில் வெவ்வேறான இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டு யாரையாவது அழைக்கச் சொல்லுங்கள். போன் உங்களுக்கு வராது. கூட்டுத்தொகையோ அதே 8. உங்கள் எண்ணையும் அடுத்தவர் எண்ணையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒன்றா உங்களைத் தேடி வந்து கெடுக்கப் போகிறது?

ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால் வரும் கூட்டுத்தொகை என்பது 9-ஆல் வகுத்தால் நிற்கும் மீதி, அவ்வளவுதான். (மீதியே இல்லையென்றால் 9 என்பார்கள்.) 1000-இல் 9-ஆல் வகுபடும் 999 போனால் 1 நிற்கும். ஆகவே 5003-இல் ஐந்து ஆயிரத்துக்கு ஐந்து, கடைசி மூன்று அப்படியே, மொத்தம் 8. 5003-ஐ 9-ஆல் வகுத்தாலும் மீதி 8. மீதிக்கு மொத்தமே ஒன்பது வாய்ப்பு. அப்படியானால் சென்னையில் ஏறக்குறைய ஒன்பது போனுக்கு ஒன்று சனியின் பிடியில். ரங்கநாதன் தெரு என்ன ஆவது?

இந்த மீதியின் உண்மையான உபயோகம் கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரியும். சௌகார்பேட்டை மொத்தக்கடை ஒன்றில் பேரேடு எழுதிய என் மாமா, கணக்கு 27 ரூபாய் இடித்தால் முதலில் 9-ஆல் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் போனால், "எவனோ முன்னே பின்னே மாத்தி எழுதிட்டான்" என்று தேட ஆரம்பிப்பார். 852 என்பது 825 ஆகியிருக்கும்.

ராமானுஜனும் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதியவர்தான். அவரை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? லண்டன் புட்னியில் நோயாளியாகக் கிடந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தான் ஏறி வந்த டாக்சியின் எண் 1729, உப்புச் சப்பில்லாத எண், கெட்ட சகுனமாக இருந்துவிடக் கூடாது என்றார். சகுனம் பார்த்தது கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்! கும்பகோணத்துக்காரர் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு கனங்களின் (எண் × அதே எண் × அதே எண்) கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்றார்: 1, 12 ஆகியவற்றின் கனங்கள், 9, 10 ஆகியவற்றின் கனங்கள்.

மூன்று விதத்தில் எழுதக்கூடிய முதல் எண் 87539319. நம் ஊர் லேண்ட்லைன் நம்பர் நீளம். 167-உம் 436-உம் ஒரு ஜோடி, 228-உம் 423-உம் ஒரு ஜோடி, 255-உம் 414-உம் ஒரு ஜோடி. எந்த ஜோடியின் கனங்களைக் கூட்டினாலும் அதே எண். 1957-இல் ஜான் லீச் என்ற கணித அறிஞர் கண்டுபிடித்தார். கூட்டுத்தொகை 9 என்பதால் நிபுணர் இதை நல்ல விலைக்கு விற்பார்.

உங்கள் 8 அப்படியொன்றும் கேவலமில்லை. கன எண் எதை எடுத்தாலும் கூட்டுத்தொகை 1, 8, 9 இவற்றில் ஒன்றுதான். 27, 64, 125 என்று போட்டுப் பாருங்கள். அடுத்த முறை நிபுணரிடம் போகும்போது, கூட்டுத்தொகை 3 வரும் கன எண் ஒன்று கேளுங்கள். எடுத்துத் தந்தால் அந்த 5,000 என் செலவு.