சந்தேகப்படுகிற நண்பரோடு பேச எந்தப் புத்தகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் பெரியார் வழி வந்த குடும்பம், நல்ல மனிதர். போன மாதம் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ என்ற சிறு நூலைக் கையில் கொடுத்து, “படிச்சுட்டுப் பதில் சொல்லுங்க” என்றார். அவருக்குப் பதில் சொல்ல நான் எந்தெந்தப் புத்தகங்களைப் படிக்க வேண்டும் ஐயா? ஆங்கிலம் ஓரளவு வரும். ஒரு பட்டியல் கொடுத்தால் வாங்கிவிடுவேன்.
- வாசகர், அம்பத்தூர்

பதில்: தம்பி, பட்டியல் அப்புறம். அவர் கொடுத்த நூலை முதலில் முழுசாகப் படித்தீர்களா? நம் ஆட்களில் நிறையப் பேர் எதிராளியின் புத்தகத்தைத் தொடாமலே அதற்கு மறுப்பு எழுதிய புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள், அது தப்பு. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் செய்ததைப் பாருங்கள். செல்சஸ் என்ற கிரேக்க தத்துவவாதி கிறிஸ்தவத்தைக் கிழித்துத் தொங்கப்போட்டு ஒரு நூல் எழுதியிருந்தார். சுமார் எழுபது வருஷம் கழித்து, 248 வாக்கில், ஓரிகன் அதற்குப் பதில் எழுதினார், செல்சஸின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுத்தான் எழுதினார். செல்சஸின் நூல் பிற்பாடு தொலைந்துவிட்டது. இன்று உலகத்துக்கு அதில் பெரும்பகுதி தெரிகிறதென்றால் ஓரிகனின் பதிலில் அது அப்படியே இருப்பதால்தான். எதிராளியின் வாதத்தை இவ்வளவு நேர்மையாக எடுத்து வைத்தவர் பதிலும் சொன்னார் பாருங்கள், அதைத்தான் நான் முன்மாதிரி என்கிறேன்.

ரஸ்ஸலுக்கு வருவோம். அது 1927 மார்ச்சில் லண்டனில் பேசிய பேச்சு, சுயமரியாதை இயக்கத்தார் அதை எப்போதோ தமிழில் கொண்டுவந்துவிட்டார்கள். பென்சிலோடு உட்கார்ந்து படியுங்கள். அதில் மூன்று வகைச் சரக்கு இருக்கிறது. ஒன்று, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால் கடவுளுக்கு யார் காரணம் என்ற கேள்வி. இரண்டு, இயேசு என்று ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம் என்று போகிற போக்கில் சொல்வது. மூன்று, இயேசுவின் குணத்தையே கேள்வி கேட்பது: நரகத்தைப் பற்றிப் பேசினாரே, பன்றிக்கூட்டத்தைக் கடலில் விழ விட்டாரே, காய்க்கும் காலமில்லாதபோது அத்திமரத்தைச் சபித்தாரே என்று.

இரண்டாவதுதான் இன்றைக்கு மிகவும் பலவீனமானது. அதற்கு விசுவாசி எழுதிய புத்தகமே தேவையில்லை. பார்ட் எர்மன் விசுவாசத்தை விட்டு வெளியேறிய அமெரிக்கப் பேராசிரியர், 2012இல் ‘டிட் ஜீசஸ் எக்ஸிஸ்ட்?’ என்று ஒரு புத்தகமே எழுதி, இயேசு வாழ்ந்த மனிதர்தான் என்று வாதாடுகிறார். உங்கள் நண்பரிடம் அதை நீட்டுங்கள், நம் பக்கத்து ஆளின் புத்தகத்தைவிட அதற்கு அவரிடம் மதிப்பிருக்கும்.

முதலாவதற்குப் பதில் சொல்லும்போது ‘எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு’ என்று ஆரம்பித்தீர்களானால் மாட்டிக்கொள்வீர்கள். ‘தொடக்கம் உள்ள எதற்கும் காரணம் உண்டு’ என்பதுதான் அந்த வாதம். வில்லியம் லேன் கிரெய்கின் ‘ஆன் கார்ட்’ இதைப் படிப்படியாக விளக்குகிறது. இந்த வாதத்தை அவர் எடுத்தது 11ஆம் நூற்றாண்டு இஸ்லாமிய அறிஞர் அல் கஸாலி வழி வந்த மரபிலிருந்து, அதையும் அவரே சொல்கிறார். நண்பருக்கும் அதைச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டமான இடம். அத்திமரத்தை மாற்கு 11இல் ஆலயத்தைச் சுத்திகரித்த சம்பவத்தோடு சேர்த்துப் படித்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். நரகத்தைப் பற்றி ஒரே வரியில் பதில் சொல்லப் பார்க்காதீர்கள். டிம் கெல்லரின் ‘தி ரீசன் ஃபார் காட்’ நூலில் (2008) அதற்கென்றே ஒரு அதிகாரம் இருக்கிறது. நியூயார்க்கில் போதகராக இருந்தவர், சந்தேகத்தோடு வந்தவர்களிடம் வருஷக்கணக்கில் பேசிய அனுபவம் எழுத்தில் தெரியும்.

சி. எஸ். லூயிஸின் ‘மியர் கிறிஸ்டியானிட்டி’ பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது பிபிசி வானொலியில் பேசியவை, 1952இல் புத்தகமானது. நியாய உணர்வு நமக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் முதல் பகுதி இன்றும் பலமாக நிற்கிறது. ஆனால் அந்தப் பிரபலமான வாதம், அதாவது தன்னைக் கடவுள் என்று சொன்னவர் பொய்யராகவோ பைத்தியமாகவோ இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆண்டவராகத்தான் இருக்கவேண்டும் என்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். “அவர் அப்படிச் சொன்னார் என்று எழுதியவர்களே கட்டியிருக்கலாமே?” என்று நண்பர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

அதற்குத்தான் பீட்டர் வில்லியம்ஸின் ‘கேன் வி ட்ரஸ்ட் த காஸ்பல்ஸ்?’ (2018). ஒல்லியான புத்தகம், இங்கிலீஷும் எளிது. அதில் எனக்குப் பிடித்த ஒரு இடத்தைச் சொல்கிறேன். மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் சீஷர்களின் பெயர்களைப் பாருங்கள். சீமோன் என்று வந்தால் சும்மா வராது, ‘பேதுரு என்னப்பட்ட சீமோன்’, ‘கானானியனாகிய சீமோன்’ என்று அடையாளம் சேர்ந்தே வரும். யாக்கோபுக்கும் அப்படியே, ‘செபெதேயுவின் குமாரன்’, ‘அல்பேயுவின் குமாரன்’. ஆனால் பிலிப்பு வெறும் பிலிப்புதான், பர்த்தொலொமேயுவும் அப்படித்தான். இஸ்ரேலிய ஆய்வாளர் தால் இலான், அந்தக் காலத்து யூதர்களின் பெயர்களைக் கல்வெட்டு, எலும்புப்பெட்டி, பழைய ஏடு எல்லாவற்றிலிருந்தும் சேகரித்துத் தொகுத்திருக்கிறார். பாலஸ்தீன யூத ஆண்களிடையே சீமோன்தான் ரொம்பச் சாதாரணமான பெயர். ஒரே ஊரில் நாலு முருகன் இருந்தால் ‘கடைக்கார முருகன்’ என்போமே, அதே கதைதான். வேறு நாட்டு யூதர்களிடம் இந்தப் பெயர்க் கணக்கு வேறு மாதிரி. தூரதேசத்தில் உட்கார்ந்து பிற்காலத்தில் கதை கட்டியவருக்கு எந்தப் பெயருக்கு அடையாளம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று இவ்வளவு சரியாக வந்திருக்குமா? ரிச்சர்ட் பாக்கம் இதையே விரிவாக ‘ஜீசஸ் அண்ட் தி ஐவிட்னஸஸ்’ நூலில் (2006) எழுதியிருக்கிறார், அது தடிமன், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், இதனால் அற்புதங்கள் நடந்தன என்று நிரூபணம் ஆகிவிடாது. எழுதியவர்களுக்கு அந்த ஊரும் ஜனங்களும் தெரியும் என்பதுவரைதான் இது போகும், அதற்கு மேல் இழுக்காதீர்கள்.

கேள்வி: 1 யோவான் 5:7இல் ‘பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்’ என்று நம் பைபிளில் இருக்கிறது. என் ஹாஸ்டல் தோழி கத்தோலிக்கருடைய திருவிவிலியத்தைத் திறந்து, அதில் இந்த வரியே இல்லை என்று காட்டிவிட்டு, “உங்க பைபிளைத் திருத்திட்டாங்க” என்கிறாள். எனக்குத் தூக்கமே போய்விட்டது.
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தூங்கும்மா, ஒன்றும் கெட்டுவிடவில்லை. உன் தோழி சொல்வதில் பாதி சரி, அதை முதலில் அவளிடம் ஒத்துக்கொள். அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை, லத்தீன் மரபிலிருந்து உள்ளே வந்தது. எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. ஏன் விட்டாய் என்று சண்டைக்கு வந்தார்கள். அப்புறம் அந்த வரியுள்ள ஒரு கிரேக்கப் பிரதி வெளியே வந்தது, அதைப் பார்த்து 1522இல் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அந்தப் பிரதி இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது, மிகவும் பிற்காலத்தது. எராஸ்மஸின் அச்சுப் பிரதி வழியில் வந்த மொழிபெயர்ப்புகள் பலவற்றிலும், நம் பழைய தமிழ் வேதாகமத்திலும், அந்த வரி தங்கிவிட்டது. 1995இல் வந்த திருவிவிலியம் பழைய பிரதிகளைப் பார்த்ததால் விட்டிருக்கிறது.

அந்த வரி சொல்கிற மூவர் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. ஆனால் இம்மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவம் இந்த ஒரு வரியில் தொங்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் அதற்காக மல்லுக்கட்டிய கிரேக்கச் சபைப் பிதாக்கள் இந்த வசனத்தை எடுத்துக் காட்டவே இல்லை, அவர்களிடம் அது இருக்கவில்லை.

படிக்க வேண்டியது: எஃப். எஃப். புரூஸ் 1943இல் எழுதிய சின்ன நூல், ‘தி நியூ டெஸ்டமென்ட் டாக்குமெண்ட்ஸ்’. அதோடு எர்மனின் ‘மிஸ்கோட்டிங் ஜீசஸ்’ (2005), ஆமாம், நம் பக்கத்தைத் தாக்குகிற அதே புத்தகம்தான், பயப்படாமல் படி. கொஞ்சம் தைரியம் வந்தபிறகு புரூஸ் மெட்ஸ்கரின் ‘தி டெக்ஸ்ட் ஆஃப் த நியூ டெஸ்டமென்ட்’. மெட்ஸ்கர் எர்மனின் ஆசிரியர், கடைசிவரை விசுவாசி. அந்த நூலின் நான்காம் பதிப்பை 2005இல் விசுவாசியான குருவும் விசுவாசத்தை விட்ட சீடரும் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் கையிலும் இருந்தது அதே பிரதிகள்தான் என்பதைத் தோழியிடம் சொல்.

கேள்வி: 2004 சுனாமியில் என் அண்ணன் தன் மகளைப் பறிகொடுத்தான். அன்றிலிருந்து கோயில் பக்கம் வருவதில்லை, கடவுள் இல்லை என்கிறான். அவனுக்குக் கொடுக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள்.
- வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: சகோதரி, அண்ணனுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். நீங்கள் படியுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பேர் செத்துப்போனார்கள், வேண்டுதலுக்கு வந்தவர்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அது அற்புதம் என்று அப்போது பலர் சொன்னார்கள். உங்கள் அண்ணன் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கோயில் சுவரைக் காப்பாற்றியவர் என் பிள்ளையை ஏன் விட்டார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

டேவிட் பென்ட்லி ஹார்ட் என்ற ஆர்த்தடாக்ஸ் சபை இறையியலாளர் அந்தச் சுனாமியை வைத்தே 2005இல் ‘தி டோர்ஸ் ஆஃப் த ஸீ’ எழுதினார். கடைசியில் இலங்கையைச் சேர்ந்த ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்கிறார். நல்ல பலசாலி, ஐந்து பிள்ளைகளில் நான்கு பேரை அலையிடம் இழந்தவர், செய்தியாளரிடம் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து உடைந்து அழுதிருக்கிறார். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து ‘எல்லாம் தேவ சித்தம், இதிலும் ஒரு நோக்கம் உண்டு’ என்று சொல்ல நமக்கு வெட்கமாக இருக்குமென்றால், அதை எப்போதுமே சொல்லக்கூடாது என்கிறார் ஹார்ட். மரணத்தைக் கடவுளின் கருவி என்று வேதம் சொல்லவில்லை, ‘கடைசிச் சத்துரு’ என்றுதான் பவுல் சொல்கிறார். இந்த ஒரு நூலுக்காக நான் வேறு பத்து நூல்களை விட்டுக்கொடுப்பேன்.

லூயிஸ் 1940இல் வேதனையைப் பற்றித் தர்க்கரீதியாக ஒரு புத்தகம் எழுதினார். 1960இல் மனைவி ஜாய் இறந்தபிறகு எழுதிய ‘எ க்ரீஃப் அப்சர்வ்ட்’ வேறு குரல், கடவுள்மேல் கோபப்படுகிற குரல், புனைபெயரில்தான் முதலில் வெளியிட்டார். இரண்டாவதைப் படியுங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாக இருந்தது. பேச ஆரம்பித்தபிறகுதான் கடைசியில் கடவுளிடம் திட்டு வாங்கினார்கள்.

கேள்வி: டாக்கின்ஸ் படித்த நண்பனிடம் பரிணாமத்தைத் தோற்கடிக்க எந்த நூல் வேண்டும்?
- பொறியியல் மாணவர், கோவை

பதில்: உயிரியல் தெரியாமல் அந்தச் சண்டைக்குப் போகாதே தம்பி. வானத்தையும் பூமியையும் பற்றி ஒரு கிறிஸ்தவன் தப்பும் தவறுமாகப் பேசுவதைக் கேட்ட அவிசுவாசி, உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை மட்டும் எப்படி நம்புவான் என்று அகஸ்டின் ஆதியாகம விளக்கத்தில் ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே எச்சரித்திருக்கிறார். மனித மரபணுத் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் பரிணாமத்தை ஏற்றுக்கொண்ட விசுவாசி, அவருடைய ‘தி லாங்குவேஜ் ஆஃப் காட்’ 2006இல், டாக்கின்ஸின் கடவுள் மறுப்பு நூல் ‘தி காட் டெலூஷன்’ வந்த அதே வருஷம், வந்தது. இரண்டையும் நண்பனும் நீயும் மாற்றி மாற்றிப் படியுங்கள்.

கேள்வி: ரவி சகரியாஸ் புத்தகங்கள் வீட்டில் நிறைய இருக்கின்றன. பயன்படுத்தலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கிறிஸ்தவத்துக்காக வாதாடி ஊர் ஊராகப் பேசியவர்தான், ஆனாலும் நான் பயன்படுத்துவதில்லை. 2020இல் அவர் இறந்தபிறகு அவருடைய அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணை, பெண்களிடம் அவர் தவறாக நடந்ததை 2021இல் உறுதிசெய்தது. சென்னையில் பிறந்தவர் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட நமக்கு அது வலிக்கிறதுதான். ஆனால் அந்தப் பெண்களுக்கு நடந்ததன் முன்னால் நம் வலி பெரிசில்லை. நண்பர் இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் நடந்ததைச் சொல்லுங்கள்.

கேள்வி: இந்தப் புத்தகங்களெல்லாம் வாங்க வசதியில்லை. இலவசமாகக் கிடைக்கிற ஏதாவது?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: ஓரிகனின் பதில் முழுசும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எட்டுப் பகுதிகள். முதல் இரண்டு இப்போதைக்குப் போதும். கன்னிப்பிறப்பைப் பற்றி, உயிர்த்தெழுந்தவரைப் பார்த்தது யார் என்பதைப் பற்றி, இன்று நீங்கள் கேட்கிற கேள்விகளில் நிறைய அங்கேயே செல்சஸ் கேட்டுவிட்டார். பாஸ்கலின் ‘பான்சே’, செஸ்டர்டனின் ‘ஆர்த்தடாக்ஸி’ (1908) இரண்டும் அப்படியே கிடைக்கும். செஸ்டர்டன் முதல் அதிகாரத்தில் சுற்றி வளைப்பார், மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தாலும் நஷ்டமில்லை.