பள்ளி கேன்டீன்: விலையும் சத்தும் (கேள்வி பதில்)

கேள்வி (பெற்றோர், திருச்சி): அரசு மதிய உணவுக்குத் தலைக்கு ஏழு ரூபாய்கூட ஆகவில்லையாம். எங்கள் பள்ளி கேன்டீனில் தக்காளி சாதம் 45 ரூபாய். பகல் கொள்ளையா இல்லையா சார்?

பதில்: அந்தக் கணக்கு வேறு. 2025 மே முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு நிர்ணயித்த 6.78 ரூபாய், பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருளுக்கு மட்டும். 100 கிராம் அரிசி இலவசமாகத் தனியே வருகிறது. சமையலர் சம்பளம் தனி, முட்டை மாநில அரசின் செலவு. கேன்டீன்காரர் எல்லாவற்றையும் அந்த 45-க்குள் அடக்கியாக வேண்டும். அதில் பள்ளிக்குக் கட்டும் வாடகையோ கமிஷனோ எவ்வளவு என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். விலை குறைய வேண்டுமானால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுதான்.

கேள்வி (கேன்டீன் நடத்துபவர், ஈரோடு): சுண்டல் போட்டுப் பார்த்தேன். 11 மணி இடைவேளைக்குள் ஊசிப்போய்விட்டது. பேசாமல் பப்ஸே வாங்கி விற்கலாமா?

பதில்: பப்ஸில் வேலை இல்லை, அதனால்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். செலவைப் பார்த்தால் சுண்டல்தான் மலிவு. கொண்டைக்கடலை கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்தால் இரண்டு கிலோ தேறும், 100 கிராம் வீதம் 20 தட்டு. கடலைக்கு 5, தாளிப்பு, கேஸுக்கு 3 போட்டாலும் தட்டு 8 ரூபாய். 15-க்கு விற்றால் ஆள்கூலிக்கும் இடம் இருக்கிறது.

ஊசிப்போவதற்குக் காரணம் ஈரமும் தேங்காயும். எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள், வெயில் காலத்தில் நடுவே ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வெந்ததும் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆவி போக விடுங்கள். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் வேர்த்த நீர் மறுபடி கடலையில்தான் சொட்டும். தாளிப்பை எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துருவல் பரிமாறும்போதுதான். அதற்கும் ஆள் இல்லையென்றால் தேங்காயை விட்டுவிட்டு மாங்காய் நறுக்கிப் போடுங்கள், பிள்ளைகள் கேட்டு வாங்குவார்கள்.

கேள்வி (ஆசிரியர், மதுரை): வடைச் சட்டியில் பழைய எண்ணெயோடு புதிது ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். பரவாயில்லையா?

பதில்: கூடாது. பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். கறுத்து, நுரை அடங்காமல் பொங்கி, சீக்கிரமே புகைந்தால் கொட்ட வேண்டிய எண்ணெய் அது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கெட்ட பொருள்கள் (துருவக் கூறுகள், polar compounds) 25 சதவீதத்தைத் தாண்டினால் சட்டப்படியே பயன்படுத்தக் கூடாது. சோதனைத் தாள் கிடைக்கிறது, பள்ளியே வாங்கி வைக்கலாம்.

கேள்வி (பெற்றோர், சேலம்): பாக்கெட் மாம்பழ ஜூஸ் பரவாயில்லைதானே?

பதில்: 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 200 மில்லி பாக்கெட்டில் 26 கிராம், ஐந்து தேக்கரண்டி. மோர் கேளுங்கள்.

கேள்வி (பெற்றோர் ஆசிரியர் கழகம், தஞ்சாவூர்): வாசலில் விற்பவர்களை என்ன செய்வது?

பதில்: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிமுறை. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தலைமையாசிரியர் எழுதிக் கொடுக்கலாம். அந்த வேகத்தில் கொய்யா, நெல்லிக்காய் விற்கும் பாட்டியையும் விரட்டிவிடாதீர்கள். அவர் கூடையில் இருப்பது பல கேன்டீன்களில் கிடைக்காது. வெட்டும் கத்தியும் கழுவும் தண்ணீரும் சுத்தமா என்று மட்டும் பாருங்கள்.