வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைக்குக் கதை சொல்லியே தமிழ் வரவைக்க முடியுமா?

முடியும். சிங்கப்பூரில் இருக்கிறோம், மகளுக்கு ஐந்து வயது, தொடக்கநிலை ஒன்றுக்குப் போவதற்குள் கொஞ்சமாவது தமிழ் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். 2010இல் இங்கே வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 32.3 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் அது 48.3. தாய்மொழிப் பாடம் என்று பெயர் இருந்தாலும் நிறையப் பிள்ளைகளுக்குத் தமிழ் இரண்டாம் மொழிதான்.

ஆனால் எந்தக் கதை, எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புத்தகமாக வாங்கிக் குவித்து ராத்திரிக்கு ஒன்று என்று வாசித்துத் தள்ளாதீர்கள். ஒரே கதை போதும், அதுவும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற கதையாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து நான் கதை சொல்லும்போது முதலில் எடுப்பது, தன் பேரையே மறந்துபோன ஈயின் கதை. "கொழுகொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயனே, என் பேர் என்ன?" என்று அந்த ஈ ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்கும், ஒவ்வொரு தடவையும் வரி ஒரு முடிச்சு நீளும். கோல், மரம், கொக்கு என்று வரும்போதே வாய் திறக்காத பிள்ளைகூட "என் பேர் என்ன?" என்று சேர்ந்து கத்த ஆரம்பித்துவிடும். கடைசியில் குதிரை "ஈஈஈ" என்று கனைக்கிற இடத்துக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

இதில் இலக்கணமும் சத்தமில்லாமல் உள்ளே போகிறது. ஆங்கிலத்தில் யோசிக்கிற பிள்ளைக்குக் குளத்தை முதலில் சொல்லிவிட்டு அங்கே கொக்கு வாழ்கிறது என்பதைப் பின்னால் ஒட்டத்தான் தோன்றும். "கொக்கு வாழும் குளமே" என்ற வரிசையை விதியாகச் சொன்னால் ஏறாது, பாட்டு மாதிரி வாயில் புரண்டால் ஏறிவிடும்.

வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், பிள்ளை தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் எப்போது வரும் என்று காத்திருக்கும். பொம்மையைக் காட்டுங்கள், நடித்துக் காட்டுங்கள். அடுத்ததாகக் காக்கா வடை கதையை எடுக்கலாம், காக்காவையும் நரியையும் அவள் ஏற்கெனவே ஆங்கிலத்தில் கேட்டிருப்பாள், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருப்பதால் கவனம் முழுக்கச் சொற்கள் மேல் போகும். பேச்சுத் தமிழிலேயே சொல்லுங்கள்: "பாட்டி வடை சுட்டுக்கிட்டு இருந்தாங்க." எழுத்துத் தமிழைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், வாரக்கணக்கில் அவள் ஒன்றுமே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் பதறாதீர்கள், அதுவும் கற்பதுதான். "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கதை அந்த நிமிஷமே பரீட்சையாகிவிடும். ஆங்கிலத்தில் பதில் சொன்னால் திருத்த வேண்டாம், "ஆமா, கொக்கு பறந்து போச்சு" என்று தமிழில் திருப்பிச் சொன்னால் போதும்.

ஊரில் பாட்டி இருந்தால் இதே கதையை வீடியோ அழைப்பில் அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள், வேறு குரலில், வேறு ராகத்தில் கேட்கட்டும். புத்தகத்துக்கு அப்புறமாகப் போகலாம், கிளை நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் கிடைக்கின்றன, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.