அலெக் கின்னஸ்: நடையில் தொடங்கிய நடிப்பு (கேள்வி பதில்)

ஆங்கில நடிகர் அலெக் கின்னஸின் மேடை வாழ்க்கையையும் திரை வாழ்க்கையையும் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் கீழே. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கே: சார், இவரை மேடை நடிகர் என்பதா, சினிமா நடிகர் என்பதா?

ப: மேடை நடிகர்தான். 1934-ல் லண்டனில் மேடையேறினார். சினிமாவில் பேசும் வேடம் கிடைத்தது 1946-ல், டேவிட் லீனின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படத்தில். நடுவில் பன்னிரண்டு வருடம். அதில் சில வருடங்கள் போருக்குப் போயின. கடற்படையில் சேர்ந்து அதிகாரியாகி, 1943-ல் சிசிலி மீது நேச நாடுகள் படையெடுத்தபோது படையினரை இறக்கும் படகுக்குத் தலைமை தாங்கினார். கேமராவுக்கு முன் வந்து நின்றபோது அவர் புதுமுகம் அல்ல, ஷேக்ஸ்பியரில் பழுத்த கை. இதை விட்டுவிட்டால் அவருடைய சினிமா நடிப்பு பிடிபடாது.

அந்த முதல் படமே மேடையிலிருந்து வந்ததுதான். டிக்கன்ஸின் அந்த நாவலை 1939-ல் நாடகமாக்கியவர் கின்னஸ். அதில் ஹெர்பர்ட் பாக்கெட் வேடம் அவருடையது, மிஸ் ஹாவிஷாமாக மார்ட்டிடா ஹன்ட். அந்த நாடகத்தைப் பார்த்திருந்த லீன், படம் எடுத்தபோது இருவரையும் அதே வேடங்களில் போட்டார். அந்த மார்ட்டிடா ஹன்ட்தான் கின்னஸுக்கு முதன்முதலில் நடிப்புப் பாடம் எடுத்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: கின்னஸ் பீர் கம்பெனிக் குடும்பமா?

ப: அதற்கு ஆதாரம் கிடையாது. தாயார் ஆக்னஸ் கஃப். பிறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடம் காலி.

கே: யாருடைய சிபாரிசும் இல்லாமல் எப்படி உள்ளே நுழைந்தார்?

ப: விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை பார்த்துக்கொண்டே பாடம் படித்தார். ஃபே காம்ப்டன் நடத்திய நடிப்புப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. பிறகு பெயர்பெற்ற மேடை நடிகர் ஜான் கீல்குட் கைகொடுத்தார். 1934 நவம்பரில் கீல்குட் நடத்திய 'ஹாம்லெட்' நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சின்ன வேடம். ஒத்திகையில் கீல்குட் நொடிக்கொரு தரம் கட்டளையை மாற்றுவார்: இடப்பக்கம் வா, வேகமாகப் பேசு, ஏன் இவ்வளவு வேகம் என்று. பையன் குழம்பிப் போனான். ஒரு வாரத்தில் கீல்குட் பொறுமை இழந்து வெளியே அனுப்பிவிட்டார். இன்னொரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒன்றுமே நடக்காத மாதிரி சேர்த்துக்கொண்டார்.

அடுத்த படி, 1937-38-ல் குவீன்ஸ் தியேட்டரில் கீல்குட் குழு நடத்திய சீசன். ஷேக்ஸ்பியர், ஷெரிடன், செகாவ் என்று மாற்றி மாற்றி நாடகங்கள், ஒவ்வொன்றிலும் கின்னஸுக்குத் துணை வேடம். ஒரே வருடத்துக்குள் நாலைந்து விதமான ஆளாக மாறும் பழக்கம் அங்கே கைவந்தது. 1938-ல் டைரோன் கத்ரி அவரை ஓல்ட் விக் மேடையில் நவீன உடை அணிந்த ஹாம்லெட்டாக நிறுத்தினார். அப்போது வயது 24.

கே: 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படத்தில் ஆறு கின்னஸ்கள் ஒரே ஷாட்டில் வருவது எப்படி? கம்ப்யூட்டர் இல்லாத காலம் ஆயிற்றே.

ப: முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். டாஸ்காய்ன் என்ற பிரபு குடும்பத்தின் பட்டம் தனக்கு வர வேண்டும் என்று, குறுக்கே நிற்பவர்களை ஒரு வாலிபன் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். 1949-ல் ஈலிங் ஸ்டுடியோவுக்காக ராபர்ட் ஹேமர் இயக்கிய படம். அந்தக் குடும்பத்தில் பாதிரியார், தளபதி, கடற்படைத் தலைவர், வங்கி முதலாளி, டியூக், இளைஞர் இருவர், லேடி அகதா என்று எட்டு பேரும் கின்னஸ். முதலில் வந்த அழைப்பு நாலு வேடத்துக்குத்தான். எட்டையும் நானே செய்தால் என்ன என்று கேட்டவர் அவர்.

நீங்கள் கேட்கும் தேவாலய ஷாட்டில் எல்லா வேலையும் கேமராவுக்குள்ளேயே நடந்தது. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கேமராவை அசையாதபடி தரையோடு பிணைத்தார். லென்ஸுக்கு முன்னால் கறுப்புத் தடுப்பு. அதில் ஒரு கின்னஸ் உட்காரும் இடம் மட்டும் திறந்திருக்கும், மற்ற ஐந்தும் மூடியிருக்கும். ஒரு வேடத்தைப் படம்பிடித்ததும் ஃபிலிமைத் தொடங்கிய ஃபிரேம் வரைக்கும் எண்ணிப் பின்னுக்குச் சுற்ற வேண்டும். கின்னஸ் போய் மேக்கப்பும் உடையும் மாற்றிக்கொண்டு வருவார். அந்த இடத்தை மூடி அடுத்ததைத் திறப்பார்கள். இப்படி ஆறு முறை, ஒரே ஃபிலிம் துண்டின் மேல்.

கெட்டுப்போக வழிகள் ஏராளம். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் இரண்டு படங்களுக்கு நடுவே கோடு விழும் அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறும். விளக்கின் பிரகாசம் கொஞ்சம் மாறினால் பக்கத்துப் பக்கத்து ஆட்கள் வேறு வேறு நேரத்தில் உட்கார்ந்தவர்கள் போலத் தெரிவார்கள். தன் எல்லையைத் தாண்டி நடிகர் கையை நீட்டினால் விரல் வெட்டுப்படும். ஐந்தாவது வேடத்தில் தவறினால் முதல் நாலும் சேர்ந்து வீண். வேலை ஒரே நாளில் முடியாததால் இரவில் யாரும் கேமராவைத் தொட்டுவிடக் கூடாது என்று ஸ்லோகோம்ப் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார்.

மறுபடி பார்க்கும்போது தந்திரத்தை விட்டுவிட்டுக் கழுத்துகளைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் தலையைத் தாங்குகிற விதம் வேறு.

கே: ஃபேகின் வேடம் ஏன் அவ்வளவு சர்ச்சையானது?

ப: டிக்கன்ஸ் நாவலை வைத்து 1948-ல் லீன் எடுத்த 'ஆலிவர் ட்விஸ்ட்'. அப்போது கின்னஸுக்கு வயது 34, ஃபேகினோ திருட்டுக் கும்பலை நடத்தும் யூதக் கிழவன். லீன் தயங்கினார். தன்னை ஒரு தரம் மேக்கப் போட்டுச் சோதித்துப் பார்க்கும்படி கின்னஸ் கேட்டு, அந்த முகத்தோடு வந்து நின்றதும் தயக்கம் தீர்ந்தது. மேக்கப் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன். நாவலுக்கு குரூக்ஷாங்க் வரைந்த பழைய ஓவியங்களை ஒட்டிப் பெரிய ஒட்டு மூக்கு வைத்தார்கள். தவறு அங்கேதான். அந்த ஓவியமே யூதர்களைக் கேலி செய்யும் மரபிலிருந்து வந்தது. லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்த நேரத்தில் அதை உயிரோடு திரையில் நடமாட விட்டார்கள். 1949-ல் பெர்லினில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. அமெரிக்காவில் 1951-ல்தான், வெட்டுகளோடு, வெளியானது. நடிப்பு அபாரம் என்பதையும் அந்த மூக்கு காயப்படுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கே: 'குவாய் நதிப் பாலம்' படத்தை இலங்கையில் எடுத்தார்களாமே அண்ணா?

ப: ஆமாம். கித்துல்கலவுக்குப் பக்கத்தில், களனி ஆற்றின் மேல் நிஜமாகவே மரப் பாலம் கட்டி, 1957 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அடித்தளத்தின் மிச்சம் இன்னும் அங்கே இருக்கிறது.

கின்னஸுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கித் தந்த கர்னல் நிக்கல்சன் வேடத்தில் ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். ஜப்பானியரின் போர்க்கைதி முகாமில், வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டில் பல நாள் அடைத்து வைத்த கர்னலை வெளியே விடுகிறார்கள். முகாம் தலைவரின் குடிசை வரை அவர் நடக்க வேண்டும். கால் விறைத்துக் கோணலாகப் போகிறது, முதுகு மட்டும் நிமிர்ந்தே இருக்க முயல்கிறது. இளம்பிள்ளைவாதம் வந்து தேறிய தன் மகன் மாத்யூ நடந்த நடையை நினைவில் வைத்து அதைச் செய்தார். வசனம் ஒன்றுகூட இல்லை. அந்த ஆளின் பிடிவாதமும் பெருமையும், பின்னால் எதிரிக்கே பாலம் கட்டிக்கொடுக்கப்போகும் பெரும் பிழையும் அந்தச் சில அடிகளிலேயே இருக்கின்றன. லீனோடு இந்தப் பாத்திரத்தைப் பற்றிக் கடும் வாக்குவாதம் நடந்தது. கர்னலிடம் கொஞ்சம் நகைச்சுவை வேண்டும் என்றார் கின்னஸ், லீன் ஒப்பவில்லை.

தமிழ் வாசகர் ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பாலம் வரும், போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

கே: மேடையில் தோற்றதே இல்லையா?

ப: நன்றாகவே தோற்றிருக்கிறார். 1951 மே மாதம் நியூ தியேட்டரில் தானே சேர்ந்து இயக்கி, தாடியோடு ஹாம்லெட்டாக நடித்தார். முதல் நாள் விளக்குக் கட்டளைகள் எல்லாம் வரிசை தவறின. பேய் உலவும் நள்ளிரவில் மேடை பளீரென்று இருந்தது, வெளிச்சம் வேண்டிய காட்சியில் இருட்டு. கின்னஸ் மனம் விட்டுவிட்டார், அது நடிப்பிலும் தெரிந்தது. ஆனால் பழி முழுவதையும் விளக்கின் மேல் போட முடியாது. அனுபவம் இல்லாதவர்களைச் சில வேடங்களுக்குப் போட்டிருந்தார். நாடகத்துக்குள் வரும் நடிகர் தலைவனாக நடித்தவர் கென்னத் டைனன், பிற்பாடு இங்கிலாந்தின் பெயர்பெற்ற நாடக விமர்சகர். மேடையைத் தாங்கிக்கொண்டே மேடையை இயக்குவது கின்னஸுக்கு ஒத்துவரவில்லை.

இரண்டே வருடத்தில் மீண்டார். 1953 ஜூலையில் கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்டில் கத்ரி தொடங்கிய விழாவில், கூடாரத்துக்குள், மூன்று பக்கமும் சனம் சூழ்ந்த மேடையில் மூன்றாம் ரிச்சர்டாக முதல் வரியைப் பேசினார். அந்த விழா இன்றும் நடக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் கவிஞர் டிலன் தாமஸாக நடித்து டோனி விருது பெற்றார். 1966-ல் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் மேக்பெத்தாக மறுபடி அடி. கடைசி நாடகம் 1988-89-ல் லண்டன் காமெடி தியேட்டரில்.

கே: 'ஸ்டார் வார்ஸ்' வசூலில் இரண்டேகால் சதவீதம் வாங்கினாராமே?

ப: முழு வசூலில் அல்ல. 1977-ல் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே கணக்குச் சொன்னார். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸுக்கு வரும் பங்கு வசூலில் ஐந்தில் ஒன்று. அந்தப் பங்கில்தான் இவருக்கு இரண்டேகால். ஒப்பந்தத்தில் இருந்தது இரண்டு, கால் பின்னால் வந்தது. அப்படியும் அவர் வேறு எந்தப் படத்திலும் பார்க்காத பணம். வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. திரையில் அந்தச் சலிப்பு ஒரு துளி தெரியாது. துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அதே படத்தில் விண்வெளி ஜந்துக்களுக்கு மேக்கப் செய்த தலைவர், ஃபேகினுக்கு மூக்கு வைத்த அதே ஃப்ரீபார்ன்.

கே: 'எ பாஸேஜ் டு இந்தியா' படத்தில் இந்தியப் பண்டிதராக நடித்தது சரியா?

ப: சரியில்லை. லீன் எடுத்து 1984-ல் வந்த படம், பெங்களூர் வட்டாரத்தில் நிறையக் காட்சிகள் எடுத்தார்கள். அஸீஸாக விக்டர் பானர்ஜி இருக்கும்போது பேராசிரியர் கோட்போலேக்கு மட்டும் ஆங்கிலேயர் முகத்தில் சாயம் எதற்கு? இது தோல் நிறத்தோடு நிற்கிற பிரச்சினையும் அல்ல. கூர்ந்து பார்த்த மனிதர்களிலிருந்து எடுத்துக் கட்டுவது அவருடைய பலம். கோட்போலேவில் அந்தப் பார்வை இல்லை, வெளித்தோற்றம்தான் நிற்கிறது. அவர் பாடுபட்டுப் பயின்ற நடனத்தையும் லீன் வெட்டிவிட்டார். இருவருக்கும் மனக்கசப்பு.

கே: நான் நடிப்பு படிக்கிறேன். இவரிடம் எதைக் கற்பது, எந்த வரிசையில் பார்ப்பது?

ப: முதலில் 'தி லாவண்டர் ஹில் மாப்' (1951), பிறகு 'தி ஹார்ஸஸ் மவுத்' (1958), பிறகு 'ட்யூன்ஸ் ஆஃப் குளோரி' (1960). மூன்றிலும் ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். குமாஸ்தா, ஓவியக் கிழவர், ஸ்காட்லாந்துப் படை அதிகாரி மூவருக்கும் பாதம் தரையில் படும் விதமே வேறு. நடை அகப்பட்டால்தான் ஆள் அகப்படுவான் என்பது அவருடைய வழி. மூக்கும் மீசையும் அதற்கு அப்புறம். மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்து மேக்கப்பில் தொடங்குகிறார்கள், அதனால் கழுத்துக்குக் கீழே அதே பழைய ஆள்.

அதன் பிறகு பிபிசி தொடர் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1979), ஏழு பகுதிகள். உளவுத்துறையின் ஜார்ஜ் ஸ்மைலி வேடத்துக்காக, நாவலாசிரியர் ஜான் லெ காரே மூலம் முன்னாள் உளவுத்துறைத் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதியச் சாப்பாட்டுக்குப் போய், அவருடைய சட்டைக் கைப் பொத்தான் முதல் குடை வரை கவனித்தார். தொடரில் ஸ்மைலி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவர். எதிராளி பேசும்போது கண்ணாடிக்குப் பின்னால் இமை எப்போது அசைகிறது என்று குறித்துக்கொண்டே ஒரு பகுதியைப் பாருங்கள். சும்மா இருப்பதற்கும் கவனித்துக்கொண்டு சும்மா இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும்.

கே: அவருடைய ஷேக்ஸ்பியரை இப்போது பார்க்க வழி உண்டா?

ப: 1970-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக எடுத்த 'ட்வெல்ஃப்த் நைட்' இருக்கிறது. மால்வோலியோ அவர்தான், கூட ரால்ஃப் ரிச்சர்ட்ஸன். ஷேக்ஸ்பியர் இல்லாமல் மேடைக் குரல் மட்டும் போதும் என்றால், டி. எஸ். எலியட்டின் 'தி காக்டெய்ல் பார்ட்டி' நாடகத்தை 1950-ல் நியூயார்க் குழு நடித்தபோது டெக்கா வெளியிட்ட இசைத்தட்டைத் தேடுங்கள். மருத்துவர் ஹார்கோர்ட்-ரைலியாக அவர் எங்கே நிறுத்துகிறார் என்று கேளுங்கள்.