என்ஜின் மாத்தினதுக்கு அப்புறம் ஐடில்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம சும்மா ஓடும்போது) ஆர்பிஎம், அதாவது என்ஜின் சுத்தற வேகம், நிக்காம ஏறி ஏறி இறங்குது, எங்க பாக்கணும்?

கேள்வியில ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "800க்கும் 1800க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது, ஆனா ஆக்சிலேட்டர லேசா மிதிச்சா ஆட்டம் நின்னுடுது"ன்னு, பாதி பதில் அதுலயே இருக்கு.

நானும் ஒரு செகண்ட் ஹேண்ட் என்ஜின இறக்கி மாட்டிட்டு மூணு வாரம் மண்டைய பிச்சுகிட்டவன் தான். ஐடில் வால்வ் மாத்துனேன், பிளக் மாத்துனேன், த்ராட்டில் பாடிய (ஆக்சிலேட்டர் மிதிச்சா காத்துக்கு தொறக்கற கதவு இருக்கற பாகம்) கழட்டி பளபளன்னு கழுவுனேன், எதுக்கும் மசியல. கையில வெண்ணெய வச்சுகிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது.

முதல்ல ஏன் ஆடுதுன்னு பாத்துடலாம். கால எடுத்தா த்ராட்டில் மூடிடும், அப்புறம் காத்து பெரும்பாலும் ஐடில் வால்வ் வழியா, ஈசியூ (என்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) கணக்கு போட்டு விடற அளவுக்கு தான் போகணும். வேற எங்கயோ ஓட்டை வழியா காத்து நுழைஞ்சா ஆர்பிஎம் ஏறும், 1500, 1800ன்னு போனதும் ஈசியூ என்ன நெனைக்கும்னா, கால் ஆக்சிலேட்டர்ல இல்ல, ஆர்பிஎம் மட்டும் அதிகமா இருக்கு, அப்ப வண்டி கியர்லயே இறக்கத்துல உருளுது போலன்னு பெட்ரோல கட் பண்ணிடும். தொப்புன்னு விழும். விழுந்ததும் மறுபடி பெட்ரோல் விடும், மறுபடி ஏறும், இதே கூத்து தான் திரும்ப திரும்ப. நீங்க லேசா மிதிச்சதும் த்ராட்டில் சென்சார் கால் இருக்குன்னு சொல்லிடுது, பெட்ரோல கட் பண்றது நின்னுடுது, ஆட்டமும் நின்னுடுது. அதனால எடுத்த எடுப்புல ஐடில் வால்வ் மேல பழி போடாதீங்க, என்ஜின் மாத்தின உடனே வந்த கோளாறுன்னா உங்க கை பட்ட இடத்துல தான் அது இருக்க வாய்ப்பு அதிகம்.

என் வண்டியில என்ன ஆச்சுன்னா, புது மேனிஃபோல்டோட (சிலிண்டருக்கெல்லாம் காத்த பிரிச்சு அனுப்பற குழாய்) பின்பக்கம், ஃபயர்வால (என்ஜினுக்கும் உள்ள உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) ஒட்டி, பழைய என்ஜின்ல இல்லாத ஒரு சின்ன நிப்பிள், அதுக்கு ஒரு ரப்பர் மூடி. மேல இருந்து பாத்தா நல்லா தான் இருந்துச்சு. ஒரு மூணடி ரப்பர் ட்யூப எடுத்து ஒரு முனைய காதுல வச்சுகிட்டு மறு முனைய மேனிஃபோல்ட சுத்தி மெதுவா கொண்டு போனேன், அந்த இடத்துக்கு வந்ததும் "உஸ்ஸ்ஸ்". தடவி பாத்தா மூடியோட அடிப்பக்கம் நகம் நுழையற அளவுக்கு வெடிப்பு. விரலால அழுத்தி அடைச்சேன், ஆர்பிஎம் அப்படியே 850ல போய் உக்காந்துச்சு! எவ்வளவு சின்ன ரப்பர் துண்டு தெரியுமா அது.

பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய இழுக்கறது), கேனிஸ்டர் ஹோஸ் (பெட்ரோல் ஆவிய இழுக்கறது) எல்லாத்தையும் ஒவ்வொண்ணா நெரிச்சு பாருங்க, எதை நெரிச்சா ஆட்டம் நிக்குதோ அந்த வழிய புடிங்க. கார்ப் கிளீனர் அடிச்சு பாக்கறவங்க உண்டு, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல அது நெருப்பு வேலை, ஸ்மோக் டெஸ்ட் (புகைய உள்ள விட்டு எங்க கசியுதுன்னு பாக்கறது) கிடைச்சா அதுவே மேல். ஸ்கேனர் இருந்தா ஃபியூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோல எவ்வளவு சதவீதம் கூட்டி குறைக்குதுன்னு) பாருங்க, ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில ஐடில்ல ப்ளஸ் 20 மாதிரி காட்டி, 2500 ஆர்பிஎம்ல ஜீரோ பக்கம் வந்தா வேக்கம் லீக்குன்னு, அதாவது ஓட்டை வழியா காத்து நுழையுதுன்னு, கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம்.

லீக் இல்லன்னா அடுத்தது கூலன்ட். என்ஜின் மாத்துனா சிஸ்டத்துல ஏர் லாக் ஆகறது சகஜம், டெம்பரேச்சர் சென்சார் முனை தண்ணியில இல்லாம காத்துல தொங்கிட்டு இருந்தா ஈசியூவுக்கு தப்பு தப்பா கணக்கு போகும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கூலன்ட் ரீடிங்கும் உள்ள போற காத்தோட ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். பல என்ஜின்ல மீட்டருக்கு ஒரு சென்சார், ஈசியூவுக்கு வேற சென்சார், பழைய என்ஜினோடத அப்படியே மாட்டியிருந்தா அது சரியானது தானான்னு பாத்துக்கோங்க.

எர்த் ஸ்ட்ராப்ப (என்ஜின பேட்டரி மைனஸோட இணைக்கற பட்டை) எல்லாரும் மறந்துடுவாங்க, நானும் மறந்தேன்! ரப்பர் மூடிய மாத்தின பிறகும் ஹெட்லைட் போட்டா ஐடில் லேசா நடுங்கிச்சு. ஸ்டார்டர் சுத்தும்போது என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சேன், அரை வோல்டுக்கு மேல காட்டுச்சு, 0.2 பக்கத்துல தான் இருக்கணும். ஸ்ட்ராப் ஒண்ணு தரையில டப்பாவுக்குள்ள கெடந்துச்சு :)

த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவ (த்ராட்டில் எது வரைக்கும் மூடணும்னு நிறுத்தறது) மட்டும் திருகாதீங்க ப்ளீஸ். அதை திருகி ஐடில சமாளிச்சா, த்ராட்டில் மூடியிருக்குன்னே ஈசியூவுக்கு தெரியாம போயிடலாம், அப்புறம் ஒரு கோளாறு ரெண்டாகும்.

எல்லாம் சரி பண்ணின பிறகு பழைய கணக்க ஈசியூ மறக்கணும். ஸ்கேனர்ல ஐடில் ரீலேர்ன் இருந்தா அதை பண்ணுங்க, இல்லன்னா பேட்டரி மைனஸ கொஞ்ச நேரம் கழட்டி வச்சுட்டு, ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டர தொடாம ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடற வரைக்கும் விடுங்க. அப்பவும் ஆடுனா ஃபியூல் ட்ரிம் ரீடிங்க ஐடில்லயும் 2500லயும் எடுத்து இங்க போடுங்க, பாக்கலாம்.