“எல்லாம் வேகமா இருக்கோணும்” என்றால் என்ன எழுதிக்கொள்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் புதிதாக பிஸ்னஸ் அனலிஸ்ட் வேலை (வாடிக்கையாளரின் தேவைகளைக் கேட்டு எழுதிக் கொடுப்பது). புறக்கோட்டையில் மளிகைச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவருக்கு பில்லிங் சிஸ்டம் செய்ய விவரம் எடுக்கப் போனேன். அறுபது கேள்விகளைத் தட்டச்சு செய்து கொண்டுபோயும், “எல்லாம் வேகமா இருக்கோணும் பிள்ளை, பிழை வரக்கூடாது” என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. எதை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் கேட்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கல்லாவில் இருப்பவரிடம் ஒரே மூச்சில் 45 நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் பன்னிரண்டு, பதினைந்து கேள்விக்குத்தான் ஒழுங்கான பதில் வரும். உங்கள் அறுபதில் பாதி அவரிடம் கேட்க வேண்டியதாகவே இருக்காது. எத்தனை கொம்பியூட்டர், என்ன பிரின்டர், பில் எந்த அளவு என்பதையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம். வரிக் கணக்கு கணக்காளரின் பாடு.

முதல் கேள்வி, இதை ஏன் இப்போது செய்விக்கிறார் என்பது. “போன மாதம் உங்களுக்கு ஆகப் பெரிய தலையிடி தந்தது எது?” என்று கேளுங்கள். வராத கடனா, ஸ்டோரில் குறைந்த சரக்கா என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். வேலையின் முக்கால்வாசியும் அதைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

அடுத்து, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்காதீர்கள். “கடைசியாகக் கடனுக்குப் போன பில்லை ஒருக்கா எடுங்கோ” என்று சொல்லுங்கள். பில் கைக்கு வந்ததும் மேலிருந்து கீழாக வரி வரியாகப் போங்கள். இதை எழுதியது யார்? அச்சிட்ட விலையை வெட்டிப் பேனாவால் குறைத்திருக்கிறதே, அப்படிக் குறைக்க யாருக்கு அனுமதி, எதுவரை? மூலையில் பென்சிலால் இருக்கும் இலக்கம் மூட்டைக் கணக்கா, மூட்டை தூக்கும் நாட்டாமைக்குக் கொடுத்த கூலியா? ஸ்டோர்க்காரர் எந்தத் துண்டைப் பார்த்துச் சாமானை இறக்கினார்? செக் எந்தத் திகதிக்கு? அந்தத் திகதி போயா (பௌர்ணமி) விடுமுறையிலோ ஞாயிறிலோ விழுந்தால் வங்கிக்கு எப்போது போகும்? செக் திரும்பினால் அந்தக் கடைக்கு அடுத்த லோட் போகுமா, போகலாம் என்று சொல்வது யார்?

பொதுவாகக் கேட்டால் ஆட்கள் விதியைச் சொல்வார்கள். குறிப்பிட்ட ஒன்றைக் காட்டிக் கேட்டால் விதியை மீறிய இடம் தானாக வெளியே வரும். “எங்களிடம் கடன் 30 நாள்தான்” என்று அடித்துச் சொல்வார். கையில் இருக்கும் பில்லோ இரண்டு மாதமாகத் தீராமல் கிடக்கும். அவர் வாயால் சொன்னதை நம்பி, 30 நாளில் கடனைப் பூட்டிவிடும் சிஸ்டத்தைக் கொடுத்தால் முதல் கிழமையிலேயே எல்லோரும் பழைய கொப்பிக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே மூன்று பில் பாருங்கள்: சாதாரணமாகத் தீர்ந்தது ஒன்று, சாமான் திரும்பி வந்தது ஒன்று, தகராறில் முடிந்தது ஒன்று. மூன்றாவதைச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் அதில்தான் அதிகம் கிடைக்கும்.

“டிஸ்கவுண்ட் வசதி வேணும்தானே?” என்ற மாதிரிக் கேள்விகளை அடியோடு விட்டுவிடுங்கள். வேண்டாம் என்று எவரும் சொல்லப்போவதில்லை. “கடைசியாக யாருக்குக் கழித்தீர்கள், எவ்வளவு?” என்பதுதான் கேள்வி. எழும்பும் முன் இரண்டு கேள்வி மிச்சம் இருக்கட்டும்: நான் கேட்காமல் விட்டது என்ன? இதைப் பற்றி வேறு யாரிடம் பேச வேண்டும்?

கேள்வி: ‘வேகமாக’, ‘லேசாக’, ‘பாதுகாப்பாக’ இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னால் அப்படியே ஆவணத்தில் எழுதலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: எழுதினால் பிறகு சண்டைதான். தேவைகளை எழுதுவதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ/ஐஈசி/ஐட்ரிப்பிள்ஈ 29148. அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒவ்வொரு தேவையும் ஒரே பொருள் தர வேண்டும், ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும், நிறைவேறியதா என்று சோதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. ‘வேகம்’ மூன்றிலும் தோற்கும்.

இப்போது ஒரு பில்லுக்கு எவ்வளவு நேரம் போகிறது? தீபாவளிக்கு முந்தின கிழமையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள்? எவ்வளவு சுணங்கினால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்? இவற்றைக் கேட்டால் எழுத்தில் வருவது இப்படி இருக்கும்: “மூன்று கல்லாவும் ஒருமிக்க ஓடும்போது, 20 பொருள் உள்ள பில், கடைசிப் பொருளை அடித்து 5 செக்கனுக்குள் அச்சாக வேண்டும்.” மணிக்கூட்டை வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. ‘லேசு’ என்றால், புதிதாக வேலைக்கு வந்த பையன் எவ்வளவு நேரம் சொல்லிக்கொடுத்தபின் தனியாக பில் போட வேண்டும் என்று கேளுங்கள். ‘பாதுகாப்பு’ என்றால், எதை யார் பார்க்கக் கூடாது என்று கேளுங்கள். கொள்விலை என்று உடனே பதில் வரும். கரண்ட் போனால், இணையம் போனால் எவ்வளவு நேரம் கையால் சமாளிப்பார்கள் என்பதும் இதே வகைதான். நீங்கள் கேட்காவிட்டால் அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: கூட்டத்தில் முதலாளி மட்டும்தான் பேசுகிறார். வேலை செய்யும் ஆட்கள் தலையை ஆட்டுகிறார்கள். பிறகு கணக்காளர் தனியாக வந்து வேறு கதை சொல்கிறார். யாருடைய பேச்சை எடுப்பது?
– வாசகர், தெஹிவளை

பதில்: முதலாளி இருக்கும் கூட்டத்தில் ஊழியர்களிடம் கேள்வி கேட்பதால் பயனில்லை. அவரிடம் அனுமதி வாங்கி, ஸ்டோரிலும் கல்லாவிலும் தனித்தனியாக அரை மணி நில்லுங்கள். கேள்வி குறைவாகவும் பார்வை கூடவும் இருக்கட்டும். காலை நெரிசலில் கேள்வி கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பார்த்து வைத்து, பின்னேரம் கேளுங்கள்.

முரண்பாட்டைத் தீர்ப்பது உங்கள் வேலை அல்ல. அதை மறைப்பதும் அல்ல. “திரும்பி வந்த சாமானுக்குக் காசு கொடுப்பதா, அடுத்த பில்லில் கழிப்பதா? முடிவு தேவை. முடிவெடுப்பவர்: முதலாளி. திகதி: …” என்று திறந்த விஷயமாக எழுதுங்கள். இன்னார் இப்படிச் சொன்னார் என்று பெயர் போட்டால் அடுத்தமுறை அவர் வாயே திறக்கமாட்டார்.

கொழும்பில் இன்னொரு சிக்கல். பேச்சு தமிழிலும் சிங்களத்திலும் நடக்கும், ஆவணம் ஆங்கிலத்தில் போகும், முதலாளி படிக்காமலே ஒப்பமிடுவார். அந்த ஒப்பத்தால் எவருக்கும் பாதுகாப்பில்லை. ஒப்பத்துக்கு முன், அவருடைய ஒரு பழைய பில்லை எடுத்து, புதிய சிஸ்டத்தில் அது எப்படிப் போகும் என்று தமிழில் சொல்லிக் காட்டுங்கள். “இல்லை இல்லை, அப்படி இல்லை” என்று குறைந்தது ஓரிடத்திலாவது குறுக்கிடுவார்.

கேள்வி: தனியார் கிளினிக் ஒன்றுக்கு நோயாளர் பதிவு செய்கிறோம். படிவத்தில் என்னென்ன தகவல் வர வேண்டும் என்று வரவேற்பாளரிடம் கேட்டால் ‘பெயர், அடையாள அட்டை, போன்’ என்கிறார். இது போதுமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: போதாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு கேள்வி உண்டு: இல்லாதவர் உண்டா, இரண்டு இருப்பவர் உண்டா, மாறுமா, வேறொருவருக்கும் அதுவே இருக்குமா?

அடையாள அட்டையில் இதை ஓட்டிப் பாருங்கள். சிறுபிள்ளைக்கு அட்டை இல்லை, வெளிநாட்டவரிடம் கடவுச்சீட்டுத்தான். பழைய இலக்கம் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். புதியது 12 இலக்கம். ஒரே ஆள் போன வருடம் பழையதையும் இந்த வருடம் புதியதையும் கொடுத்தால் சிஸ்டத்தில் இரண்டு நோயாளர், இரண்டு மருந்து வரலாறு. பழையதைப் புதியதாக்க வழி உண்டு: எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 இட வேண்டும். நிரலாளரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். போன் இலக்கமோ ஒரு வீட்டில் மூன்று பேருக்குப் பொதுவாக இருக்கும். பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். ஆகவே தேடலைப் பெயரில் மட்டும் வைக்காதீர்கள்.

வியாபாரச் சிஸ்டம் செய்பவர்களுக்கும் ஒன்று: வற் வரி எத்தனை வீதம் என்று கேட்டு அதை நிரலுக்குள் பதித்துவிடாதீர்கள். இலங்கையில் அது 2022இல் 8இலிருந்து 12, பிறகு 15. 2024 ஜனவரியில் 18. “15 வீதத்தில் விற்ற சாமான் 18 வந்தபின் திரும்பினால் என்ன செய்தீர்கள்?” என்று கணக்காளரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒப்பமிட்ட பிறகும் ‘இதையும் சேர்த்துவிடுங்கோ’ என்கிறார்கள். எப்படித் தடுப்பது?
– வாசகர், மட்டக்குளி

பதில்: தடுக்க முடியாது, விலை சொல்லலாம். முதலிலேயே தேவைகளைக் கட்டாயம், வேண்டியது, இருந்தால் நல்லது, இம்முறை இல்லை என நான்காகப் பிரியுங்கள். மொஸ்கோ (MoSCoW: Must, Should, Could, Won't என்ற ஆங்கிலச் சொற்களிலிருந்து வந்தது, நகரம் அல்ல) என்ற பெயரில் இந்த முறையை 1994இல் உருவாக்கியவர் டாய் கிளெக். எல்லாமே கட்டாயம் என்பார்கள். அப்போது ஒரு கேள்வி: “இது இல்லாவிட்டால் முதல் நாள் கடை திறக்க முடியாதா?” பட்டியலில் நிறைய அந்த இடத்திலேயே கீழே இறங்கும். ‘இம்முறை இல்லை’ என்ற பகுதியையும் எழுத்தில் கொடுங்கள். பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பிறகு வருவதெல்லாம் தனித் துண்டில்: என்ன, எத்தனை நாள், எவ்வளவு காசு, யார் சொன்னது. வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவையும் அன்றே துண்டாக்கிவிடுங்கள்.

கேள்வி: பேச்சைப் போனில் பதிவு செய்யலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கேட்டுவிட்டுச் செய்யலாம். ஆனால் கடன், வரி, சம்பளம் என்று பேச்சு வந்ததும் நீங்களே போனை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வையுங்கள். குறிப்பை அன்றிரவே எழுதி முடித்து, மறுநாள் காலை அவருக்கு அனுப்புங்கள்.