ஏற்காட்டின் 176 ஓட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஏற்காடு மலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். குடியரசுத் தலைவர் தேர்தல் பற்றிய பாடத்தின்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "திரௌபதி முர்முவும் எங்கள மாதிரி பழங்குடிதானே சார், அவங்களுக்கு எங்க ஊர்ல ஒருத்தர்கூட ஓட்டுப் போடலையா?" என்று கேட்டாள். மறைமுகத் தேர்தல் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிச் சமாளித்தேன். அவளுக்குத் திருப்தியில்லை, எனக்கும்தான். அமெரிக்காவில் மக்களே அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் நாட்டின் முதல் குடிமகனை நாம் தேர்ந்தெடுக்கக் கூடாதா?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதலில் உங்கள் மாணவிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போடுவது எம்பிக்களும் எம்எல்ஏக்களும். உங்கள் எம்எல்ஏ வழியாக ஏற்காட்டுக்கும் ஓட்டு உண்டு. ஒன்றல்ல, 176. கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 4,11,99,168. அதை 234 தொகுதிகளால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் 176. நம் எம்எல்ஏ ஒவ்வொருவரின் ஓட்டுக்கும் அதுதான் மதிப்பு. சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளுக்கும் சேர்த்தால் 1,936. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆகவே எம்எல்ஏக்களுக்குத் தரும் இளஞ்சிவப்பு வாக்குச் சீட்டில் விருப்ப வரிசைப்படி 1, 2 என்று எண் போடும் உரிமை அவளைப் போன்ற ஒரு பழங்குடியின் கையில்தான் இருந்தது. யாருக்கு 1 போட்டார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது. அது ரகசிய வாக்கு. இன்னாருக்குப் போடு என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவும் அங்கே செல்லாது.

அந்த ரகசியம் என்னை நெடுநாள் உறுத்தியிருக்கிறது. நாம் அனுப்பிய ஆள் நம் பெயரில் யாரைத் தேர்ந்தெடுத்தார் என்று நமக்கே தெரியாமல் போவது என்ன நியாயம்? ஆனால் 1969 குடியரசுத் தலைவர் தேர்தலைப் பற்றிப் படித்த பிறகு என் மனம் மாறியது. காங்கிரஸ் அதிகாரபூர்வமாக நிறுத்தியவர் நீலம் சஞ்சீவ ரெட்டி. மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்றார் அதே கட்சியின் பிரதமர் இந்திரா காந்தி. முதல் விருப்ப ஓட்டில் சுயேச்சையாக நின்ற வி.வி. கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, சி.டி. தேஷ்முக்குக்கு 1,12,769. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளையும் எண்ணி முடித்தபோது கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. சீட்டைத் திறந்து காட்ட வேண்டும் என்றிருந்தால் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வந்திருக்கும்? ஆகவே ரகசியம் இருக்கட்டும் என்பதே இன்று என் எண்ணம்.

அமெரிக்காவைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திருத்த வேண்டும். அங்கேயும் நேரடித் தேர்தல் கிடையாது. மாநிலவாரியாகத் தேர்வாகும் 538 பிரதிநிதிகள்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 270 வேண்டும். 2016இல் ஹிலாரி கிளிண்டன் நாடு முழுவதும் 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக வாங்கியும் டிரம்பிடம் தோற்றார். இதை மாற்ற அவர்கள் முயலாமல் இல்லை. நேரடித் தேர்தலுக்கான திருத்தம் அதே 1969இல் பிரதிநிதிகள் சபையில் 338க்கு 70 என்று நிறைவேறி, அடுத்த ஆண்டு செனட்டில் முடங்கிப்போனது. அங்கே மக்கள் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. ஆட்சியே அந்த ஒரு மனிதரின் கையில்தானே இருக்கிறது?

நம் குடியரசுத் தலைவர் அப்படி இல்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்கிறார். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா நேரடித் தேர்தல் வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார், சபை ஏற்கவில்லை. அதற்கு முன்பே, 1947 ஜூலையில், நேரு காரணத்தைச் சொல்லியிருந்தார்: வயதுவந்தோர் எல்லாரும் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்கு உண்மையான அதிகாரம் எதையும் தராமல் உட்காரவைப்பது பொருந்தாது. நான் இதோடு முழுக்க உடன்படுகிறேன். கோடிக்கணக்கான ஓட்டு வாங்கி வந்தவர் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். பிரதமருக்கும் அவருக்கும் முட்டிக்கொள்ளும் நாளில் யார் பேச்சு மக்களின் பேச்சு?

அயர்லாந்தில் அதிகாரம் குறைந்த தலைவரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்களே என்று கேட்பீர்கள். உண்மைதான், அங்கே ஓடுகிறது. ஆனால் அங்கே நம்மைப் போல் மாநிலங்கள் இல்லை. இங்கே 2022இல் எம்எல்ஏக்கள் அனைவரின் மொத்த மதிப்பு 5,43,231, எம்பிக்கள் அனைவருக்கும் 5,43,200. மாநிலங்களும் நாடாளுமன்றமும் சமமாக நிற்கும் தராசு அது. நேரடித் தேர்தல் வந்தால் தலைக்கு ஒரு ஓட்டு. இப்போதைய ஓட்டு மதிப்புக்கு அடிப்படையான 1971 கணக்கில் உத்தரப் பிரதேசம் நம்மைப்போல் இரண்டு மடங்கு. 2011 கணக்கில் அது கிட்டத்தட்ட 20 கோடி, நாம் 7.2 கோடி. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தின் குரல் அதனாலேயே மெலிவதை நான் ஏற்கமாட்டேன். 1971 கணக்கும் நிரந்தரமல்ல, 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பின் விவரம் வெளியாகும்வரைதான். உங்கள் மாணவிகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் மலைக்கே வருகிறேன். ஊரக உள்ளாட்சித் தேர்தல் அன்று அந்தப் பெண்ணின் பாட்டி வாக்குச்சாவடிக்குப் போனால் கையில் நான்கு சீட்டு கொடுப்பார்கள். அதில் இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சி மன்றத் தலைவருக்கு. பாட்டி முத்திரை குத்துகிறார், தலைவர் வருகிறார். பச்சைச் சீட்டு ஒன்றியக் கவுன்சிலருக்கு. அவர்கள் கூடித்தான் ஒன்றியக்குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரடி, மறைமுகம் இரண்டும் பாட்டியின் ஒரே கையில். பாட்டி தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறார் என்று பேத்தியைக் கேட்டுவரச் சொல்லுங்கள். ஊராட்சித் தலைவர் வீடு என்றுதான் பதில் வரும். 'எங்க ஓட்டுல வந்தவன்' என்ற உரிமை அது.

என் கவலை டெல்லியைப் பற்றி அல்ல, கீழே என் ஊர் சேலத்தைப் பற்றி. மேயருக்கு நாங்களே ஓட்டுப் போட்டது 1996, 2001, 2011 தேர்தல்களில். இடையில் 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் மறுபடி அதே முறை. சேலத்தில் 60 வார்டு, 60 கவுன்சிலர்கள், அந்த அறைக்குள் முடிந்துவிட்டது. ஆளுங்கட்சியின் வசதிக்கு விதி மாறிக்கொண்டே இருந்ததுதான் இதில் எனக்குக் கோபம். மேயர் வெறும் அலங்காரப் பதவி அல்ல. குடிநீரும் சாக்கடையும் குப்பையும் அந்த மன்றத்தின் கையில் இருக்கின்றன. 2011இல் சாவடிக்குள் எனக்கு இரண்டு ஓட்டு, கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. 2022இல் ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன், மை வைத்த விரலோடு. குடியரசுத் தலைவருக்கு ஓட்டுப் போட முடியாதது எனக்கு ஒரு குறையே இல்லை. அந்த இரண்டாவது ஓட்டு எனக்குத் திரும்ப வேண்டும்.

அன்புடன்,
சேலத்திலிருந்து